கல்லிடைக்குறிச்சியில் செய்த ஆர்ச்டாப் கிட்டார்: 14 மாதம் வாசித்த பிறகு

இந்தக் கிட்டார் என் கைக்கு வந்து 14 மாதம் ஆகிறது. வாங்கிய மறுநாளே எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். நான்தான் ஒரு கோடையும் ஒரு சாரலும் ஒரு ஐப்பசி மழையும் தாண்டட்டும் என்று தள்ளிப்போட்டேன். மரத்தில் செய்த வாத்தியத்தை ஒரு வருஷம் பழகிப் பார்க்காமல் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வது சரியில்லை, அதுவும் நம்ம ஊர் வெயிலில். இப்போது சொல்லலாம். 22 வருஷமாக நான் வாசித்த கிட்டார்களில் இதற்குத்தான் முதல் இடம், ஆனால் எல்லாரையும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

செய்தவர் பெயரை எழுதவில்லை, அவரே வேண்டாம் என்றார். வருஷத்துக்கு இரண்டு கிட்டார்தான் செய்கிறார், சில வருஷம் ஒன்றுதான், அதற்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தால் வேலை ஓடாது என்கிறார். நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பகலில் அரசாங்க உத்தியோகம். வீடு கல்லிடைக்குறிச்சியில், ஆற்றைத் தாண்டினால் அம்பை (அம்பாசமுத்திரம்). வீட்டுக்குப் பின்னால் மாட்டுத்தொழுவமாக இருந்த இடத்தை ஓடு மாற்றி, தரைக்கு சிமென்ட் பூசி, பட்டறையாக்கி வைத்திருக்கிறார். காலை 5 மணியிலிருந்து ஏழரை வரை வேலை, அப்புறம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழு நாள். ராத்திரியில் ரம்பம், கொட்டாப்புளி எதையும் தொடமாட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற நேரம் என்பதால் ஒட்டுவது, அரம் போடுவது, ஃபிரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) தேய்ப்பது மாதிரி சத்தமில்லாத வேலைகளை அந்த ஒரு மணி நேரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். மரவேலை அவருக்குக் குடும்பத் தொழிலும் இல்லை. கதவு, நிலை செய்யும் ஒரு பெரியவரிடம் லீவு நாட்களில் போய் உட்கார்ந்து உளி தீட்டக் கற்றுக்கொண்டதுதான் ஆரம்பமாம். செதுக்க இல்லை, தீட்ட. முதல் ஆறு மாதம் வேறு எதையும் அந்தப் பெரியவர் தன் கையில் கொடுக்கவில்லை என்றார்.

ஆர்ச்டாப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் பார்க்கும் சாதாரண கிட்டாரின் மேல்பலகை தட்டையானது, நடுவில் வட்டத் துளை, கம்பிகள் அவற்றைத் தாங்கப் பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் கட்டையிலேயே முடிந்துவிடும். ஆர்ச்டாப்போ வயலினுக்கு அண்ணன் முறை. மேல்பலகையையும் அடிப்பலகையையும் கெட்டி மரத்திலிருந்து குவிவாகச் செதுக்கி, உள்பக்கம் குடைந்து எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் எஃப் எழுத்து வடிவத்தில் துளை. பிரிட்ஜை ஒட்டுவதே கிடையாது, கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. கம்பிகள் அதன் மேல் ஏறி இறங்கி அடியில் உள்ள டெயில்பீஸில் போய் மாட்டிக்கொள்கின்றன. தட்டைக் கிட்டாரில் கம்பி பலகையைப் பிடித்து இழுக்கிறது, ஆர்ச்டாப்பில் கம்பி பலகையை அமுக்குகிறது. சத்தத்தில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

இதைத் தொடங்கிவைத்தவர் ஆர்வில் கிப்சன், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் காலமசூ ஊரில் செருப்புக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே மாண்டலினும் கிட்டாரும் செய்தவர். 1898-ல் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கினார், 1902-ல் அவர் பெயரில் கம்பெனி வந்தது. எஃப் துளை வைத்த எல்-5 கிட்டார் 1922-ல், லாயிட் லோர் அங்கே வேலை பார்த்த காலத்தில் வந்தது. பிறகு நியூயார்க்கில் ஜான் டி ஆஞ்செலிகோ 1932-ல் சொந்தப் பட்டறை போட்டு 1964-ல் சாகிறவரை செய்துகொண்டிருந்தார், அவரிடம் வேலை பழகிய ஜிம்மி டி அக்விஸ்டோ அதைத் தொடர்ந்தார். இந்தக் கதையெல்லாம் அண்ணாச்சிக்குத் தலைகீழ்ப் பாடம். அவருக்கு அதில் ரொம்பப் பிடித்த இடம் செருப்புக் கடைதான். "அவரும் வேலைக்குப் போயிட்டு வந்துதாம் தம்பி செஞ்சிருக்காரு" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்கு எதற்கு இது? பாளையங்கோட்டையில் எங்கள் சபைக் கொயரில் நான் கிட்டார் வாசிக்கிறேன். பழைய ஆலயம், உயரமான கூரை, ஒரு தடவை கை தட்டினால் சத்தம் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். அந்த இடத்தில் தட்டைக் கிட்டாரின் கோர்டு (பல சுரங்களைச் சேர்த்து அடிக்கும் ஒலி) நீளமாக இழுத்துக்கொண்டே நிற்கும், அதற்குள் அடுத்த கோர்டு வந்து மேலே விழும், கீபோர்டும் சேர்ந்துவிட்டால் எல்லாம் கூழாகிவிடும். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கூவும். பல வருஷம் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க ஜாஸ் குழுவான கவுன்ட் பேசி ஆர்க்கெஸ்ட்ராவில் 1937-லிருந்து 1987 வரை வாசித்த ஃபிரெடி கிரீனைக் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அத்தனை டிரம்பெட், சாக்ஸஃபோனுக்கு நடுவில் ஒரு மனுஷன் மைக்கோ ஆம்ப்ளிஃபயரோ இல்லாமல் ஆர்ச்டாப்பில் நாலு தட்டு தட்டிக்கொண்டிருக்கிறார், மொத்தக் கூட்டமும் அதன் மேல்தான் நடக்கிறது. தட்டியதும் எழும்பி உடனே அடங்கும் அந்தச் சத்தம்தான் எங்கள் ஆலயத்துக்கு வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்தவர் ஒருவர் கல்லிடைக்கு வழி சொன்னார்.

போன முதல் நாள் விலையே பேசவில்லை. மரத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். மேல்பலகைக்கு ஸ்புரூஸ், அதில் மாற்றம் கிடையாது என்று சொல்லிவிட்டார். குளிர்நாட்டு மரம், மெதுவாக வளர்வதால் ரேகைகள் நெருக்கமாக இருக்கும், எடை குறைவு, விறைப்பு அதிகம், நம்ம பக்கத்தில் அதற்கு ஈடாக ஒன்று அவருக்கு இன்னும் சிக்கவில்லை. அடிப்பலகைக்கு வழக்கமாக மேப்பிள். அதுவும் இறக்குமதிதான். நான் ஈட்டி மரம் (ரோஸ்வுட்) கிடைக்குமா என்று கேட்டேன். ரசீது இல்லாத ஈட்டியைத் தொடமாட்டேன் என்றார். தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைப் பாதுகாக்க 1994-லேயே சட்டம் வந்துவிட்டது, 2017-ல் அந்த இனம் முழுவதையும் உலக அளவில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள், பிறகு 2019-ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். இதையெல்லாம் தேதி வாரியாகச் சொன்னார். அப்புறம் மூலையில் சாத்தியிருந்த ஒரு பலகையைத் திருப்பிக் காட்டினார். பழைய வீடு ஒன்றை இடித்தபோது வாங்கிய பலாப் பலகை. எத்தனை வருஷம் வீட்டுக்குள் காய்ந்ததோ, விரல் கணுவால் தட்டினால் கணீரென்றது.

வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா நம்ம ஆட்கள் காலங்காலமாகப் பார்த்து வைத்த மரம், எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. மேப்பிளை விடச் சத்தம் கொஞ்சம் உருண்டையாக வரும், வெட்டென்று கேட்கும் கூர்மை கொஞ்சம் குறையும் என்று அவர் முன்கூட்டியே எச்சரித்தார். முன்னால் பலாவில் செய்த ஒரு கிட்டாரையும் மேப்பிளில் செய்த ஒன்றையும் அடுத்தடுத்து வாசிக்கக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான். எனக்குப் பலாவே பிடித்திருந்தது. விரல்பலகையும் பிரிட்ஜும் டெயில்பீஸும் கருங்காலி, கழுத்து மட்டும் மேப்பிள்.

வேலை நடக்கும்போது போய்ப் பார்க்க விடுகிறார் என்பதையே இந்தச் சேவையின் முதல் சிறப்பாகச் சொல்வேன். பாளையிலிருந்து பஸ் பிடித்து ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறேன். காலையில் போனால் ஒரு ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார், டீ வரும், பேச்சு கிடையாது.

அதில் ஒரு நாளை மறக்க முடியாது. மேல்பலகையின் வெளிக் குவிவு முடிந்து, உள்பக்கம் குடைந்துகொண்டிருந்தார். பலகையைத் துளைபோடும் மெஷினில் ஆழம் கட்டி நூற்றுக்கணக்கில் துளை போட்டிருந்தார், இடத்துக்கு இடம் ஆழம் வேறு, அந்தத் துளையின் அடி தெரியும்வரை செதுக்கினால் வேண்டிய கனம் வந்துவிடும். உளியில் பெரும்பகுதி எடுத்த பிறகு கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளை இழைப்புளி, அதன் அடிப்பக்கமே வளைவாக இருக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் சீவல் வெங்காயத் தோல் மாதிரி சுருண்டு வந்தது. நடுவில் 6 மில்லிமீட்டர், ஓரத்தை நெருங்கும்போது 3 மில்லிமீட்டருக்குக் கிட்ட, இடையில் பென்சிலால் சர்வே வரைபடம் மாதிரி கோடுகள். ஒரு கட்டத்தில் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார். பலகையை ஓரத்தில் இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினார்.

"காருகுறிச்சிப் பானையைத் தட்டிப் பாத்துத்தானே வாங்குதோம்? இதுக்கும் அந்தக் காதுதாம்."

நடுவில் தட்டினார், பிறகு கீழ் ஓரத்தில். என்னையும் தட்டச் சொன்னார். இரண்டு இடத்துக்கும் சத்தம் வேறாக இருந்தது, ஓரத்தில் தட்டினால் சத்தம் சட்டென்று செத்துப்போனது. மறுபடி மேஜையில் வைத்து அந்த ஓரத்தில் மட்டும் ஐந்தாறு இழுப்பு. தட்டினார். மறுபடி நாலு இழுப்பு. மூன்றாவது தடவை தட்டியபோது பலகை முழுக்க ஒரே குரலாக 'தொம்' என்று நின்று அடங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் பென்சிலை எடுத்துத் தேதியை உள்பக்கம் எழுதிவிட்டு, எஃப் துளை வெட்டியதும் இந்தச் சுருதி இறங்கும், உள்ளே இரண்டு சட்டம் ஒட்டியதும் கொஞ்சம் ஏறும், அதற்கு இடம் விட்டுத்தான் நிறுத்தியிருக்கிறேன் என்றார். அந்தச் சட்டங்களைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்தால் குரல் இனிமையாகவும், பக்கத்துப் பக்கத்தில் நீளவாக்கில் வைத்தால் குத்தாகவும் வரும். எனக்குத் தாளத்துக்குத்தான் வேண்டும் என்பதால் நீளவாக்கில் வைத்தார். ஒட்டியது வஜ்ஜிரத்தில், மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. அதைச் சூடாக்கினால் பிரியும், அதனால் 30 வருஷம் கழித்து யாராவது திறந்து ரிப்பேர் பார்க்க வேண்டியிருந்தால் பார்க்கலாம், பெவிகாலில் ஒட்டினால் பிறகு வருகிறவன் நம்மைத் திட்டுவான் என்றார்.

சரி, இப்போது தாமதம். 10 மாதம் என்று சொன்னார், ஆனது 19 மாதம். ஆவணியில் முன்பணம் கொடுத்தேன், அடுத்த ஆடி என்று பேச்சு, கடைசியில் அதற்கும் அடுத்த பங்குனி முடிகிற சமயத்தில்தான் கிட்டார் வந்தது. காரணங்களை ஒளிக்காமல் சொன்னார், அதனால் எனக்குக் கோபமில்லை, ஆனால் வாங்க நினைக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் எடுத்த ஸ்புரூஸ் பலகை பாதிக்கு மேல் செதுக்கிய பிறகு உள்ளே பிசின் தேங்கிய பை ஒன்று தெரிந்தது, சரியாகப் பிரிட்ஜ் உட்காரும் இடத்துக்குக் கீழே. வேறு பலகை வரவழைக்க மூன்று மாதம். பிறகு அவர் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை, வீட்டில் சத்தமே கூடாது. பிறகு அலுவலகத்தில் தேர்தல் வேலை. பிறகு மழை. ஐப்பசி, கார்த்திகையில் அவர் லாக்கர் (மரத்துக்கான பளபளப்பு மேற்பூச்சு) அடிப்பதே இல்லை, ஈரக் காற்றில் அடித்தால் மேலே வெண்மை படர்ந்துவிடும். பட்டறைச் சுவரில் ஈரப்பதம் காட்டும் மீட்டர் மாட்டியிருக்கிறார், அது 50 சதவீதத்துக்குக் கீழே வராமல் எதையும் ஒட்டவும் மாட்டார்.

அந்த முதல் பலகையை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். இறக்குமதிப் பலகை, ஐந்து ஞாயிற்றுக்கிழமை உழைப்பு. பிசினைச் சுரண்டி எடுத்துவிட்டு மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, மேலே நிறம் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு ஓரமாக வைத்துவிட்டார், அதற்குத் தனியாகப் பணமும் கேட்கவில்லை. மாதச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வருவதால்தான் அவரால் அப்படி வைக்க முடிகிறது. இந்த மாதம் இந்தக் கிட்டார் போனால்தான் வீட்டு வாடகை என்கிற நிலையில் இருப்பவருக்கு அந்தத் தெம்பு வருவது கஷ்டம். பகுதிநேரமாகச் செய்கிறவர் என்றதும் முதலில் எனக்கும் தயக்கம் இருந்தது. அந்தப் பலகையைப் பார்த்த அன்று அது போய்விட்டது. 19 மாதம் ஆனதும், பிசின் பலகை என் கிட்டாரில் இல்லாததும் ஒரே காரணத்தால்தான்.

கம்பி கட்டிய நாளும் போயிருந்தேன். பிரிட்ஜின் பாதம் மேல்பலகையின் வளைவோடு ஒரு முடி நுழையாத அளவுக்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் பாதிச் சத்தம் அங்கேயே போய்விடும். அதற்கு அவர் உப்புத்தாளை மேல்பலகையில் சொரசொரப்பு மேலே பார்க்க வைத்து, அதன் மேல் பிரிட்ஜை முன்னும் பின்னும் தேய்த்தார். அப்புறம் கார்பன் தாளை வைத்து ஒரு தடவை அழுத்தி, எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறது என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, அந்த மேட்டை மட்டும் சுரண்டினார். மறுபடி கார்பன். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் இதே வேலை. கடைசியில் பாதம் முழுவதும் சீராகக் கறுப்பு ஒட்டியது. 12 கேஜ் நிக்கல் கம்பிகளைக் கட்டி, சுருதி சேர்த்து, முதல் கோர்டை என்னை அடிக்கச் சொன்னார்.

ஜி. மூன்றே கம்பியில். அடித்ததும் சத்தம் கிட்டாரிலிருந்து வந்த மாதிரி இல்லை, எதிர்ச் சுவரிலிருந்து வந்த மாதிரி இருந்தது. பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்த அவர் மனைவி, "ஏயப்பா, நல்லா முழங்குதே" என்றார்கள்.

இப்போது வாத்தியத்தைப் பற்றி நேரடியாக. உடல் அகலம் 16 அங்குலம், கம்பி நீளம் 25½ அங்குலம், எடை இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கோர்டு அடித்தால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது, ஒன்று மற்றதை மூடுவதில்லை. நடுஸ்தாயி ரொம்பப் பலம். தட்டியதும் எழும்புகிறது, இடது கையைத் தளர்த்தினால் அந்த இடத்திலேயே நிற்கிறது. எங்கள் ஆலயத்தில் முதல் ஞாயிறு மைக் இல்லாமல் வாசித்தேன், 30 பேர் கொயர், ஒரு வயலின், கீபோர்டு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் தங்கை தாளம் தெளிவாகக் கேட்டது என்றாள். பாமாலைப் பாட்டுகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஒரு மாத்திரைக்கு ஒரு கோர்டு மாறும் பாட்டுகளில் முன்பெல்லாம் நான் பாதி கோர்டை விட்டுவிடுவேன், இப்போது எல்லாவற்றையும் வாசிக்கிறேன், எல்லாம் கேட்கவும் செய்கிறது. அதற்காகப் பழைய பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு கம்பியையும் அள்ளி அடித்தால் இதில் நன்றாக இல்லை. மூன்று கம்பி, நாலு கம்பி, அளவாக.

எதற்கு ஒத்துவராது என்பதும் தெரிந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து விரலால் மெல்ல வாசிக்கும் பாட்டுகளுக்கு என் பழைய தட்டைக் கிட்டார்தான் சுகம், அந்தக் கனமான அடிச்சத்தமும் நீண்ட ரீங்காரமும் இதில் வராது. கமகம் இழுத்துக் கர்நாடக சங்கீதம் வாசிக்கலாம் என்று ஒரு நண்பர் ஆசையாக வாங்கிப் பார்த்தார், 12 கேஜ் கம்பி விரலைப் பதம் பார்த்துவிட்டது. சத்தமான பேண்டில் ஆம்ப்ளிஃபயரோடு வாசிப்பவர்களும் யோசிக்க வேண்டும். செதுக்கிய பலகை நன்றாக அதிரும் என்பதே அங்கே தொல்லை, ஸ்பீக்கர் சத்தத்தையும் வாங்கிக்கொண்டு கூவும். அதற்காகத்தான் கிப்சன் கம்பெனியே 1949-ல் ஒட்டுப்பலகையில் இஎஸ்-175 போட்டது. அந்த மாதிரி வேலைக்குத் தொழிற்சாலை ஒட்டுப்பலகை ஆர்ச்டாப் விலையும் குறைவு, பொருத்தமும் கூட. எனக்கும் கழுத்து முனையில் ஒரு பிக்கப் (கம்பி அதிர்வை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவி) மாட்டிக் கொடுத்திருக்கிறார், மேல்பலகையைத் தொடாமல் தொங்குகிறது. சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை மாதிரி திறந்தவெளிக்கு மட்டும் அதைப் போடுகிறேன்.

குறைகள். கழுத்து தடிமன், என் கை சின்னது, முதல் இரண்டு மாதம் கட்டைவிரல் அடிப்பாகம் வலித்தது. முன்கூட்டியே என் கையை அளந்து பார்த்திருக்கலாம், அதை அவரிடமே சொன்னேன், இப்போது வருகிறவர்களிடம் அளந்துகொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். லாக்கர் தூரத்திலிருந்து பார்த்தால் அருமை, டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தால் பக்கவாட்டில் லேசான அலை தெரியும். பிக்கார்டு (கை உரசாமல் மேல்பலகையைக் காக்கும் தகடு) மூன்றாவது மாதத்தில் ஏ கம்பி அடித்தால் மட்டும் ஜிர்ரென்றது, ஒரு துண்டு ஃபெல்ட் வைத்ததும் நின்றது. பெட்டி அவர் தருவதில்லை, ஆர்ச்டாப் அளவுக்குச் செய்யச் சொல்லி வாங்க எனக்குத் தனியாக 9,000 ரூபாய் ஆனது. பின்பலகையில் கழுத்துக்குக் கீழே, பழைய ஆணித் துளையை அதே பலாத் துண்டால் அடைத்த ஒரு பொட்டு இருக்கிறது. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பலா வந்த புதிதில் மஞ்சளாக இருந்தது, இப்போது வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அந்தப் பொட்டும் கூடவே நிறம் மாறுகிறது.

பருவம் மாறும்போது கவனிக்க வேண்டும். ஐப்பசி மழையில் மேல்பலகை ஈரம் குடித்துச் சற்றே உப்பியது, கம்பி உயர்ந்து அமுக்கக் கஷ்டமானது. சித்திரையில் எதிர்மாறு, பலகை இறங்கி ஏழாவது ஃபிரெட்டில் கம்பி இரைந்தது. இரண்டு தடவையும் பிரிட்ஜில் இருக்கும் சின்னச் சக்கரங்களைக் கால் சுற்று திருப்பியதோடு முடிந்தது, அதை எப்படிச் செய்வது என்று கொடுத்த நாளிலேயே கையைப் பிடித்துக் காட்டியிருந்தார். ஒன்றே ஒன்று, கம்பி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது, பிரிட்ஜ் இடம் பெயர்ந்துவிடும். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். நான் ஒரு தடவை மறந்து கழற்றிவிட்டு ராத்திரி 9 மணிக்கு அவருக்குப் போன் போட்டேன். 12-வது ஃபிரெட்டில் ஸ்வரத்தை ஒப்பிட்டு எப்படி மறுபடி நிறுத்துவது என்று முக்கால் மணி நேரம் போனிலேயே சொல்லிக் கொடுத்தார். முதல் வருஷம் முடிந்ததும் எடுத்துவரச் சொல்லி, ஃபிரெட் முனைகளை மறுபடி தேய்த்து, நட்டில் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பட்டை) இரண்டு பள்ளத்தைச் சரிசெய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

விலை 1,20,000 ரூபாய். மூன்று தவணை, ஆரம்பத்தில் ஒன்று, மேல்பலகை முடிந்ததும் ஒன்று, கையில் வாங்கும்போது ஒன்று. பெரிய தொகைதான், எனக்கு இது இரண்டு வருஷச் சேமிப்பு. மரத்துக்கும் டியூனிங் கீ, பிக்கப் மாதிரியான பாகங்களுக்குமே பாதிக்கு மேல் போய்விடுகிறது என்று கணக்கு நோட்டைத் திறந்து காட்டினார், மிச்சத்தை அவர் உழைத்த மணிகளால் வகுத்தால் வரும் கூலியைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதைவிடக் குறைவான விலைக்கு வெளிநாட்டுத் தொழிற்சாலைக் கிட்டார் கிடைக்கும், மேற்பூச்சு இதைவிடச் சுத்தமாகவும் இருக்கும். முதல் கிட்டார் வாங்குகிறவர்கள் அதையே வாங்குங்கள். கிறிஸ்துமஸுக்குள் வேண்டும், மகன் பிறந்தநாளுக்கு வேண்டும் என்று தேதி வைத்திருப்பவர்களும் இவரிடம் போக வேண்டாம். அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். ஏற்கெனவே பத்து வருஷம் வாசித்து, தனக்கு என்ன சத்தம் வேண்டும் என்று வாயால் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் இது.

போகிறவர்களுக்கு வழி: கல்லிடையிலோ அம்பையிலோ கிட்டார் வாசிக்கும் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு மேல் போங்கள், உங்கள் கிட்டாரையும் எடுத்துப் போங்கள், முதலில் உங்களை வாசிக்கச் சொல்லித்தான் கேட்பார். மழை மாதங்களில் போனால் வேலை நடப்பதைப் பார்க்க முடியாது, ஆனால் அப்போதுதான் அவருக்குப் பேச நேரம் இருக்கும்.